மீதிக் கால்

மாமியாரின் ஒரு நாளை, மூன்று பிள்ளைகளும் காலையிலேயே சாப்பாட்டு மேசையில் வைத்துக் கூறுபோட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் முறிந்து ஏழு வாரம் ஆகிறது. இத்தனை நாள் ஆளாளுக்கு விடுப்பு எடுத்து ஓட்டியாயிற்று. இனி விடுப்பு இல்லை.

இருபத்துநான்கு மணி நேரமும் யாராவது ஒருவர் கூட இருக்க முடிந்தால் அம்மா வீட்டிலேயே இருப்பார். முடியாவிட்டால் முதியோர் இல்லம். அங்கே ஓர் அறை காலியாக இருந்தது. நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

யாரும் இத்தனை மணி நேரம் என்று பேசவில்லை, இவ்வளவு பங்கு என்றே பேசினார்கள். பங்கு என்று சொன்னால் வாய்க்கு லேசாக இருக்கிறது. மணி என்று சொன்னால் அப்போதே முதுகு வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

மூத்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். நாளில் கால் பங்கு தன்னுடையது என்றார். அடுத்தவள் மகள், மருத்துவமனையில் நர்ஸ். ஆறில் ஒரு பங்குக்கு மேல் முடியாது என்று சொல்வதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இளையவன், மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு என்றான்.

அந்த மனைவிக்குக் கேக் கடையில் வேலை. பெற்ற பிள்ளைகள் பேசுகிற இடத்தில் மருமகள் எதற்கு நடுவில் என்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் தாளில் எழுதிக் கூட்டினார். மேலே இருந்த ஒன்றுகளை மேலே கூட்டினார். கீழே இருந்த நான்கையும் ஆறையும் மூன்றையும் கீழே கூட்டினார். பதிமூன்றில் மூன்று என்று வந்தது.

"பாதிகூடத் தேறலையே," என்று பேனாவை மூடினார். இல்லத்துக்கே போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றார்.

இளையவன் மேசைவிரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

மருமகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கோ உதைத்தது.

"நீங்க ஒருத்தரே கால் பங்கு பாக்குறீங்க. மூணு பேரும் சேர்ந்தா அதைவிடக் குறைஞ்சு போகுமா?"

மூத்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சில குடும்பங்களில் அப்படித்தான் குறைந்து போகிறது என்றாள். அவள் சிரித்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

மருமகள் மருந்துக்கடைக் காகிதப் பையைப் பிரித்து விரித்து, அதில் ஒரு வட்டம் வரைந்தாள்.

கடையில் பெரிய கேக்கை அவள் எப்போதும் பன்னிரண்டாகத்தான் வெட்டுவாள். இரண்டு பேர் வந்து நின்றாலும், மூன்று பேர் நின்றாலும், நான்கு பேரோ ஆறு பேரோ நின்றாலும் பன்னிரண்டு பிசகாமல் பிரியும். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் ஆறில் ஒன்றும் வெவ்வேறு அளவுத் துண்டுகள். அவற்றை அப்படியே எண்ணினால் கணக்கு உதைக்காமல் என்ன செய்யும்? முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தன் வீட்டுப் பங்குக்கு நான்கு துண்டைக் கோடு போட்டு நிரப்பினாள். மூத்தவருக்கு மூன்று. நாத்தனாருக்கு இரண்டு.

பன்னிரண்டில் ஒன்பது நிரம்பியது. முக்கால் வட்டம்.

மூன்று பேரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு தங்கள் கையிலேயே இருந்திருக்கிறது என்பதை நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆனால் மூன்று துண்டு வெள்ளையாகவே இருந்தது. துண்டுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை, எல்லோரும் வேலையில் இருக்கிற நேரம்.

கடையை விட்டுவிடலாமா என்று மருமகள் யோசித்தாள். கிரீமை வழித்துச் சமன் செய்யும்போது கைக்குக் கிடைக்கிற அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும். ஆனாலும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் மூத்தவர் கேட்டுவிட்டார், மீதிக் கால் யாருடையது என்று.

"அது என்னோடது," என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள். முறிந்த காலைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் எல்லோரும் விழித்தார்கள்.

போய்ப் பார்த்தபோது மாமியார் கட்டிலில் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் பத்தடி இருக்கும். யாரும் கூட்டிப்போகவில்லை.

தலையணைக்கு அடியில் பார்க்கச் சொன்னார். மருமகள் ஒரு சீட்டை எடுத்தாள். பிசியோதெரபி செய்ய வருகிற பெண் எழுதிக் கொடுத்தது. தானாக எழுந்து நடக்கலாம். பகலில் ஆறு மணி நேரம் வரை துணையில்லாமல் இருக்கலாம். தேதி வியாழக்கிழமை என்றது. அன்று ஞாயிறு.

மூன்று நாளாக ஏன் சொல்லவில்லை என்று நாத்தனார் கேட்டாள். யாரும் தன்னைக் கேட்கவில்லையே என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்த இந்த வீட்டில் ஒரு பகல் முழுக்கத் தனியாக இருந்ததாக நினைவே இல்லை, இருந்துதான் பார்க்கப்போகிறேன் என்றார்.

பிறகு மருமகள் கையிலிருந்த வட்டத்தை வாங்கிப் பார்த்தார். கால் நன்றாகத் தேறி, அடுத்த மாதம் தன் பங்கு பாதியாகிவிட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டார்.

மருமகள் விரல் விட்டாள். பாதி என்றால் ஆறு துண்டு. மூன்று இருக்கிறது. இன்னும் மூன்று.

ஆளுக்கு ஒரு துண்டு.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் பத்தாக இரண்டு நிமிடம் இருந்தது.

"என் பங்கு ஆரம்பிக்கப் போகுது," என்றார் மாமியார். "போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."