அஞ்சு வருஷத் தவணை

ஒரே ஒரு ஊரில், ஏசி ரிப்பேர் செய்கிற ஒரு தம்பியும், அவனைத் திட்டுவதற்கென்றே நாலு வருஷம் முன்னால் பிறந்து காத்திருந்த ஓர் அக்காவும் இருந்தார்கள்.

அன்றைக்கு அக்காவுக்குத் திட்டுகிற வேலை வழக்கத்தைவிட அதிகம்.

நூலகத்தின் பின்னறையில் வாரம் ஒரு நாள் கடன் ஆலோசனை சொல்வார்கள். இலவசம். ஆஸ்பத்திரியில் போர்வை, விரிப்பு எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, அக்கா தம்பியைக் கிட்டத்தட்டத் தரதரவென்று இழுத்து வந்திருந்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஆலோசகர் மேடம். பாக்கிக் கடனைக் குறைந்த வட்டியில் தவணையாகக் கட்டச் சொல்லி பேங்க் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்து முடித்து நிமிர்ந்தார்.

"அஞ்சு வருஷம், மாசாமாசம் ஒரே தொகை. ஒரு மாசம் தவறினாலும் ஒப்பந்தம் ரத்து, பழையபடி முழு வட்டி. சம்பளக்காரங்களுக்கு இது சரி. உங்க தொழிலுக்கு?"

"வெயில் காலத்துல நல்லா ஓடும் மேடம்" என்றான் தம்பி.

"மழைக் காலத்துல?"

"மழைக் காலத்துல இவன் ஓடுவான். கடன்காரங்களைப் பார்த்து" என்றாள் அக்கா.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டா ஆறே மாசத்துல மாட்டிக்குவீங்க. வேற வழி இருக்கு. கடனைக் கட்ட வசதியில்லைன்னு கோர்ட்ல மனு போடலாம். உங்ககிட்ட வீடும் இல்ல, நகையும் இல்ல. தொழில் சாமானை எடுக்க மாட்டாங்க. விசாரிச்சுக் கடனை ரத்து பண்ணிடுவாங்க. கொஞ்ச வருஷம் யாரும் புதுக் கடன் தர மாட்டாங்க, அவ்வளவுதான்."

"அது ரொம்ப நல்லதாப் போச்சு! மனுவையே போடுங்க மேடம்" என்றாள் அக்கா.

"வேணாம்" என்றான் தம்பி. "நான் கட்டிடுறேன்."

"எதை வச்சுடா கட்டுவ?"

"கட்டிடுறேன்க்கா."

"கட்டிடுறேன், கட்டிடுறேன்! கடன் வாங்கிப் போட்ட கடையை மூடின நாள்லருந்து இதே பாட்டு. ராத்திரி தூக்கம் கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது, போன் அடிச்சா எகிறிக் குதிக்கிறது. ஒரு நல்ல மனுஷி காசு வாங்காம வழி சொல்றாங்க, மண்டையை ஆட்டுறான் பாருங்க, ரோஷக்காரன்! அந்த ரோஷத்தைக் கொண்டுபோய் அடகு வைடா, எவனாச்சும் எடுத்துக்கிறானான்னு பாப்போம்."

"அக்கா, மெதுவா. எல்லாரும் படிக்கிறாங்க."

"படிக்கட்டும். உன் கதையையும் சேர்த்துப் படிக்கட்டும்!"

மேடம் பேனாவை மூடி வைத்தார். "ஏன் வேணாங்கிறீங்க? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

தம்பி சுவரைப் பார்த்தான். "உங்க ஏசியில கேஸ் கம்மியா இருக்கு மேடம். குளிரே வரல. என்னன்னு பார்க்கட்டுமா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதை அப்புறம் பார்க்கலாம். எந்த வழின்னாலும் அடையாள அட்டை காப்பி வேணும். எதிர்க்கடையில ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார் மேடம்.

அவன் தலை மறைந்ததும் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அவன் பேச்சை விடுங்க மேடம். நீங்க மனுவை நிரப்புங்க, கையெழுத்துக்கு நான் பொறுப்பு. சின்னதுல மூக்கைப் பிடிச்சு இவனுக்கு மருந்து ஊத்தினவ நான். கூடப் பிறந்தவன் இப்படி உருகிப் போறதை எத்தனை நாள்தான் பார்த்துட்டு இருக்கிறது?"

தம்பி கொண்டுவந்திருந்த பழைய கடன் பத்திரத்தை மேடம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எழுதிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. பத்திரத்தை அக்கா பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தா?"

அக்கா குனிந்து பார்த்தாள். "என்னோடதுதான். கடை போடறப்ப கேட்டான். வேலைக்கு நேரமாச்சுன்னு படிக்காமலே போட்டுக் கொடுத்தேன். சாட்சிக்குத்தானே?"

"சாட்சி இல்லீங்க. ஜாமீன்."

"அதனால என்ன?"

"மனு போட்டா அவரோட கடன் ரத்தாகும். உங்க ஜாமீன் ரத்தாகாது. மிச்சத்தை உங்க சம்பளத்துல பிடிக்க பேங்க் வரும். அவர் கட்டிக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் உங்க பக்கம் வராது." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்கு இது தெரியும் போலிருக்கு."

ஒன்றாம் தேதிச் சம்பளமும், மகளின் காலேஜ் பீஸும் அக்காவின் கண்ணுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

"பயப்படாதீங்க" என்றார் மேடம். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா பேங்க்ல பேசி, உங்க ஜாமீன் பாக்கியை உங்களால முடிஞ்ச சின்னத் தொகையாக் குறைக்கப் பார்க்கலாம். நானும் கூட வரேன். அவரும் பிழைச்சுக்குவார். மனுவை நிரப்பட்டுமா?"

அதற்குள் தம்பி மூச்சு வாங்க வந்து நின்றான். திறந்து கிடந்த கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"என்னக்கா, பேச்சையே காணோம்?"

அக்கா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"வாங்கின கடனைக் கட்டியே தீருவேன்னு ஒரு பிள்ளை நியாயமாப் பேசறப்ப, நாம ஏன் மேடம் குறுக்க நிக்கணும்?" என்று தம்பியின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் நடந்து வெளியே போனாள்.