வெறுங்கால் சத்தம்

பழைய உலகப்போர் ஒன்றை வைத்து எடுக்கும் வீடியோ கேமுக்காக, பிலோமினா காலையிலிருந்து பூட்ஸ் காலோடு மணல் தட்டில் நடந்துகொண்டிருந்தாள். பதிவான அந்தக் காலடிச் சத்தத்தைக் கணினியில் ஆயிரம் மடங்காக்கியபோது ஸ்டூடியோவே அதிர்ந்தது.

"அசல் பட்டாளம்தான்க்கா," என்றான் ஒலிப்பதிவாளன் இளவரசு. "பூட்ஸைக் கழட்டிருங்க. இப்ப ஊர்சனம் ஓடணும்."

அதே மணலில் நின்ற இடத்திலேயே மூச்சிரைக்க ஓடினாள். அவன் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினான். தன் கால்களே தன்னைத் துரத்தி வருவதைக் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணுதான். வெறுங்கால் சத்தம் ஒவ்வொண்ணா நிக்கணும். பூட்ஸ் நிக்கக் கூடாது."

ஹெட்போனில் பட்டாளம் நெருங்க, மறுபடி ஓடத் தொடங்கினாள்.

"இப்ப நில்லுங்கக்கா."

அவள் நிற்கவில்லை.

"அக்கா, நில்லுங்க!"

அவன் பதறிப்போய்ப் பூட்ஸ் சத்தத்தை நிறுத்தினான். அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.