மேல் பாதி கறுப்பு

அக்காவும் அத்திம்பேரும் வந்த ஜெர்மன் நம்பர் பிளேட் கார் சரஸ்வதிபுரத்து வீட்டு வாசலில் நின்ற நாளிலிருந்து, கௌரிசங்கரின் பழைய ஃபியட்டைத் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இங்க ஹெட்லைட்டோட மேல் பாதி கறுப்பா இருக்கணும் அத்திம்பேர். இல்லேன்னா போலீஸ் பிடிப்பான்” என்றான். பொய்யில்லை, ஊரில் எல்லா வண்டிக்கும் அப்படித்தான். ஆனாலும் அந்தப் பளிங்குக் கண்ணாடிகளில் பெயிண்டைப் பூசப் பூச, அவன் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்தது.

மறுநாள் விளக்குகளில் பெயிண்டே இல்லை. துடைத்த தடமும் இல்லை. இன்னும் கெட்டியாகப் பூசினான்.

மூன்றாம் நாள் காலை வாசலுக்கு வந்தபோது காரின் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன. அத்திம்பேர் இடுப்புவரைதான் இருந்தார். அதற்கு மேல் எல்லாம் கறுப்பு.

“பெயிண்ட் எங்கேடா கௌரி? லைட் ரெண்டும் பளிச்சுனு இருக்கே!” என்றது அந்தக் கறுப்புக்குள்ளிருந்து குரல்.

கௌரிசங்கர் கண்ணைக் கசக்கினான். விரலில் கறுப்புப் பெயிண்ட் ஈரமாக ஒட்டியது.