கொஞ்சம் காக்க வை

துடைப்பங்களும் வாளிகளும் கிடந்த சின்ன அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள் அவள்.

காலையில்தான் மேலாளர் ஆகியிருந்தாள். எதிர் அறையில் அவளுடைய முதல் கூட்டம். எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று.

“முதல் நாளே டாண்ணு போய் நின்னா ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க. கொஞ்சம் காக்க வை,” என்று புருஷன் பாடம் நடத்தி அனுப்பியிருந்தான்.

தன் அறையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் பதவியோடு வந்த அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி. சும்மா உட்கார்ந்திருப்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் குட்டி மெத்தை, பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் போட்டி. துப்புரவு செய்யும் அக்கா கொடுத்து வைத்தவர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

உட்காரத்தான் மனம் வரவில்லை. கூட்டத்தில் கணக்குப் பிரிவுப் பெண்ணும் இருக்கிறாள். முடிந்ததும் குழந்தைக் காப்பகத்துக்கு ஓட வேண்டியவள்.

இவளும் அப்படி ஓடியவள்தான். நிறுவனத் தலைவரான பெரிய ஐயா வரட்டும் என்று காத்துக் கிடந்து, பள்ளி வாசலில் மகளைத் தனியே நிற்க வைத்த நாட்கள் எத்தனை! பெரிய மனுஷருக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள்.

கதவு திறந்தது.

பெரிய ஐயா. கையில் பேனா. நேராக முக்காலியை நோக்கி நடந்தவர், அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

இருவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

“நீங்க முன்னாடி போங்கம்மா,” என்றார் மெதுவாக. “நான் உங்களுக்கும் அப்புறம்தான் வரணும்.”

அப்படியானால் இத்தனை வருடங்களாக...

சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. குழந்தை வாசலில் நின்றதெல்லாம் இந்தக் குறுக்கெழுத்துக்காகத்தானா?

விறுவிறுவென்று எதிர் அறைக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை, பேச ஆரம்பித்துவிட்டாள். பெரிய ஐயா இன்னும் வரவில்லையே என்று ஒருவர் இழுத்தார். வருவார் என்று சொல்லிவிட்டு மேலே பேசினாள்.

அவர் கம்பீரமாக நுழைந்தபோது பாதிக் கூட்டம் முடிந்திருந்தது. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் யாரும் எழுந்திருக்கவில்லை. கதவோரத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கணக்குப் பிரிவுப் பெண் அன்று ஓடவில்லை. நடந்தே போனாள்.

அடுத்த வாரம் மேலாளரான இவள் நேரத்துக்கு முன்பே கூட்ட அறைக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒருவர் குறுக்கெழுத்தில் மூழ்கியிருந்தார்.

மெத்தையையும் கொண்டுவந்திருந்தார்.