வரையாத வட்டம்

1987. மலேசியாவில், எங்கள் ரவாங் தொழிற்சாலைக்கு வந்த புதுக் கணினியில் யாராவது செய்தி அனுப்பினால், திரையில் ஒரு சிறு ஜன்னல் திறந்து அவர் முகத்தைக் காட்டும். முகங்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தது நான்தான்.

திங்களன்று கிடங்கு சேதுவின் படத்தில், நெற்றியில் நான் வரையாத ஒரு வட்டம் இருந்தது.

“எனக்குப் பொட்டு வச்சிட்டியா லா?” என்று சிரித்தான்.

அழித்தேன். மறுபடி வந்தது.

வியாழனன்று எங்கள் ஊர் ஈஜோக்கில், வழக்கப்படி அவன் பிணத்தின் நெற்றியில் இருபது காசு நாணயம் வைத்திருந்தார்கள். அதே இடம்.

இன்று மாலை பதினொரு ஜன்னல்கள் தாமாகத் திறந்தன. ஈஜோக் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் நாங்கள் பதினொரு பேர். எல்லா நெற்றியிலும் வட்டம். பக்கத்து மேசை மரியத்துக்கும், எனக்கும்.

கீழே ஹாரன் அடித்தது.

“சீக்கிரம் வா லா!” என்று மரியம் கத்தினாள். “உனக்காகத்தான் பஸ் நிக்குது.”