ஒன்றை மட்டும் மாற்று

“ரெண்டு டப்பா செடியையும் ஆடு தின்னுடுச்சு டீச்சர். வெயில்ல வச்சது, கட்டிலுக்கு அடியில வச்சது, ரெண்டையும். ஆட்டுக்கு வித்தியாசமே தெரியல.”

முஃபுதாவ் இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது எட்டாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

என் பாடத்தைப் பார்க்க வந்திருந்தார். மடியில் வருகைப் பதிவேடு. போன பருவத்தில், காய்ச்சலில் கிடந்த தம்பியின் இடத்தில் அண்ணன் ஒருநாள் வந்து உட்கார்ந்தான் என்பதற்காக, தம்பியின் பெயரையே அதிலிருந்து அடித்தவர் அவர்.

வீட்டில் செய்யச் சொன்ன சோதனைக்கான என் விதிகள் கரும்பலகையில் அப்படியே இருந்தன. ஒரே மாதிரி இரண்டை எடுத்துக்கொள். ஒன்றை மட்டும் மாற்று. பார்த்ததை எழுது. ‘நான்’ என்று எழுதாதே.

“அடுத்து தைவோ.”

இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கேள்வி. பள்ளிக்கூடம் ஒரு ஆளை என்ன செய்யும்?”

பயறும் டப்பாவும் கேட்டுச் சலித்திருந்த வகுப்பு நிமிர்ந்தது.

“ஒரே மாதிரி இரண்டு. தைவோ, கெஹிந்தே. ஒரே நாளில் பிறந்தவர்கள். ஒரே பாயில் படுப்பவர்கள். ஒரே சட்டியில் சாப்பிடுபவர்கள். மாற்றியது ஒன்று மட்டும். தைவோவுக்குச் சீருடை கொடுக்கப்பட்டது. கெஹிந்தேவுக்குக் கொடுக்கப்படவில்லை.”

“அப்போ நீதான் சோதனை எலியா?” என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்து, அவள் நின்ற விதத்தைப் பார்த்து அடங்கியது.

எங்கள் ஊரில் இரட்டையர் இல்லாத தெருவே கிடையாது. எல்லா இரட்டையருக்கும் இதே இரண்டு பெயர்கள்தான். முதலில் பிறப்பது தைவோ. பின்னால் பிறப்பது கெஹிந்தே. ஆனால் கெஹிந்தேதான் மூத்தது என்போம். உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்த்துச் சொல் என்று தைவோவை முன்னால் அனுப்புவதே அதுதானாம். தைவோ அழுது, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகே கெஹிந்தே வருமாம்.

இவர்களுடைய அம்மா சந்தை முனையில் அகாரா சுடுகிறாள். பயறை அரைத்து எண்ணெயில் போடும் உருண்டை. பள்ளி வரும் வழியில் நானும் அங்குதான் வாங்குவேன். அடுப்படியில் எப்போதும் கெஹிந்தே.

“இவளை எப்போ அனுப்புவீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தைவோ முன்னால போய்ப் பார்க்கட்டும் டீச்சர். இவ அடுத்த வருஷம் வருவா,” என்றாள் அம்மா, கை நிற்காமல்.

அந்த அடுத்த வருஷம் ஏழு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

“பார்த்தது,” என்று நோட்டைப் பிடித்தபடி அவள் தொடர்ந்தாள். “உயரம், இரண்டும் ஒன்று. பல், இரண்டும் ஒன்று. எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்திலேயே கெஹிந்தே சொல்லிவிடுவாள். தைவோவுக்குத் தெரியாது. பூமி சுற்றுகிறது என்று தைவோவுக்குத் தெரியும். அன்று மாலையே கெஹிந்தேவுக்கும் தெரியும். மருந்துச் சீட்டு வந்தால் அம்மா தைவோவிடம் கொடுப்பாள். தைவோ தூங்கும்போது சிரிக்கிறாள். கெஹிந்தே சிரிப்பதில்லை.”

ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. இந்த வகுப்பில் யாரும் இவ்வளவு சீராகப் படித்து நான் கேட்டதில்லை.

“முடிவு,” என்றாள்.

அதோடு நின்றுவிட்டாள்.

மழை வரப்போகும் காற்றில் தகரக் கூரை ஒருமுறை தடதடத்தது.

“ஏன் நின்னுட்ட? படி,” என்றார் ஹெட்மாஸ்டர்.

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

நோட்டு முதல் பக்கத்தில்தான் திறந்திருந்தது. அவள் சொன்னது முழுவதும் நான்கு பக்கம். ஒரு பக்கத்தைக்கூட அவள் புரட்டவில்லை.

தைவோவின் விரலில் எப்போதும் மை இருக்கும். இந்த விரல்களில் மை இல்லை. மணிக்கட்டில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறித்த வடுக்கள்.

நான் மெதுவாக நான்காம் பக்கத்துக்குப் புரட்டினேன். தைவோவின் சாய்ந்த எழுத்து. முடிவை மட்டும் வேறு மையில், இன்று காலை எழுதியிருக்க வேண்டும். இவளுக்குப் படித்துக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்தபோது அதை மட்டும் விட்டுவிட்டிருக்கிறாள். என் விதியையும் மீறியிருந்தாள்.

‘நான் முன்னால் வந்து பார்த்துவிட்டேன், டீச்சர். நன்றாக இருக்கிறது. இனி கெஹிந்தே வரட்டும். அகாரா சுட நான் கற்றுக்கொள்வேன்.’

சந்தை முனையில் இந்நேரம் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு சீருடை. பதிவேட்டில் ஒரு பெயர். அதுவும் ஹெட்மாஸ்டரின் மடியில்.

“நல்லாத்தானே போச்சு,” என்றார் அவர், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. “முடிவை நீங்களே படிங்க டீச்சர். எல்லாருக்கும் கேட்கற மாதிரி.”

ஐம்பது முகங்கள் என்னைப் பார்த்தன.

சீருடைக்குள் நின்றவள் குதிகாலை உயர்த்தி என் காதருகே வந்தாள். பயறும் எண்ணெயும் மணந்தன.

“என்ன டீச்சர் எழுதியிருக்கா?”