எல்லைமேல் ஒரு வீடு

"நிலம் ரெண்டு, வீடு ஒண்ணா? அதெப்படி நோரீன்?"

மாவட்ட நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில், கதவளவு இருந்த நிலப் பதிவேட்டின்மேல் கவிழ்ந்தபடி ஆல்வினா கேட்டார். புருஷனை இழந்து ஏழு வருடம் ஆகியும் குரல் மட்டும் இறங்கவில்லை.

பதிவறை குமாஸ்தா நோரீன் சூயிங்கத்தை ஒரு கன்னத்தில் ஒதுக்கினாள். "அந்தக் காலச் சட்டம் அப்படி. தனியாளா இருந்தா நூத்தறுபது ஏக்கர் சர்க்கார் நிலம் சும்மாவே கிடைக்கும். புருஷன் இருக்கிற பொம்பளைக்குக் கிடையாது. அதனால உங்க கொள்ளுத்தாத்தா அன்டன் தனியா ஒரு மனு, கொள்ளுப்பாட்டி பார்போரா தனியா ஒரு மனு. அவங்கவங்க நிலத்துல அஞ்சு வருஷம் குடியிருந்து காட்டினா பட்டா."

"சரி, வீடு?"

"எல்லைக்கோட்டு மேலயே கட்டிட்டாங்க! பாதி அவர் நிலத்துல, பாதி இவங்க நிலத்துல. ரெண்டு பேரும் சொந்த நிலத்துலதான் தூங்கினாங்க. எந்த அதிகாரி வந்து என்ன கேட்க முடியும்?"

"நடுவுல சுவர்?"

"சுவர் இருந்ததா ஒரு இடத்துலயும் இல்ல. ஆனா ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்லியிருக்காங்க. 'இவர் என் பக்கத்து நிலத்துக்காரர், ரொம்ப நல்ல மனிதர்'னு."

எதிர் மேஜையிலிருந்த லைல் ஓர்பெக் தொண்டையைக் கனைத்தார். ஊரின் ஆண்டு விழாக் கமிட்டித் தலைவர் அவர்தான். அவரையும் ஆல்வினாவையும் கூட்டத்தில் எதிரெதிர் மூலையில் உட்கார வைப்பது ஊர் வழக்கம். போன மாதம் உருளைக்கிழங்கு சாலடில் கடுகு சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கே இருவரும் கூட்டத்தைக் கலைத்தவர்கள்.

"அந்தக் காலத்து மனுஷங்க. கண்ணியமாத்தான் இருந்திருப்பாங்க" என்றார் லைல்.

நோரீன் பழைய மக்கள்தொகைக் கணக்கின் பிரதியை அவர் பக்கம் தள்ளினாள். "பட்டா வாங்கின பிறகுதான் கல்யாணம், ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொன்பதுல. அடுத்த வருஷம் குடிக்கணக்கு எடுக்க ஆள் வந்தப்போ மூத்த பையனுக்கு வயசு ஆறு."

"கண்ணியமான பையன்" என்றார் ஆல்வினா. நோரீன் சிரித்த சிரிப்பில் சூயிங்கம் மேஜைமேல் விழுந்தது.

லைல் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த தாளில், விழாவில் திறக்கப்போகும் நினைவுக்கல்லில் வெட்டவேண்டிய வாசகம் இருந்தது. அன்று மாலைக்குள் அவர் கையெழுத்தோடு அது கல்தச்சனுக்குப் போயாக வேண்டும். 'இவ்வூரின் முதல் குடியானவர் அன்டன் வோந்த்ரா, மனைவியுடன்' என்று எழுதியிருந்தது.

"மனைவியுடனாம்! ஏதோ குடையுடன் வந்த மாதிரி!" ஆல்வினா கை நீட்டி அந்தத் தாளைப் பிடுங்கினார். நெப்ராஸ்காக் குளிரில், புல்லோடு பெயர்த்த மண்கட்டியால் கட்டிய வீட்டுக்குள் மூன்று பிள்ளை பெற்று, ஏர் பிடித்து உழுதவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாதா? "மிஸ்டர் ஓர்பெக், நல்லாக் கேட்டுக்குங்க. அன்டனுக்கு முன்னாடியே பார்போரா மனு கொடுத்திருக்கா. இந்த ஊரோட முதல் நிலம் ஒரு பொம்பளையோடது. 'பார்போரா, தன் சொந்தப் பட்டாவில்'னு வெட்டுங்க."

"முடியாது மிஸஸ் ஆல்வினா."

"ஏன் முடியாது?"

"சொந்தப் பட்டான்னா அப்போ கல்யாணம் ஆகலைன்னு அர்த்தம். கல் நிக்கப்போற இடத்துக்குப் பக்கத்துலயே அவங்க பிள்ளைங்க சமாதி இருக்கு, பிறந்த வருஷத்தோட. ஊர்ல வேலை இல்லாதவன் எவனாவது கூட்டிக் கழிச்சுப் பார்ப்பான். அப்புறம் அவங்க மானம் காத்துல பறக்கும்."

"செத்து எண்பது வருஷம் ஆச்சு. மானம் போனா அவ எழுந்து வந்து அழப்போறாளா?"

"கல்லைத் திறக்கப் போறது பாதிரியார், ஞாபகம் இருக்கட்டும்!"

"அவர் கல்லைத் திறக்கட்டும். உண்மையை மூடிவைக்கச் சொல்லி நான் கேட்கலையே!"

லைலின் காதுகள் சிவந்தன. "ஒரு கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு ஊருக்கு 'பக்கத்து நிலத்துக்காரர்'னு சொன்னதைக் கல்லுல வெட்டி வைக்கிறதா? நான் தலைவரா இருக்கிற வரைக்கும் நடக்காது!"

ஆல்வினா பேனாவையும் வாசகத் தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "கொஞ்சம் வெளியே வாங்க. இந்தப் பொண்ணு முன்னாடி கெட்ட வார்த்தை பேச எனக்குச் சங்கடமா இருக்கு."

"அடிச்சுக்காதீங்க. மாடியில ஜட்ஜ் இருக்கார்" என்றாள் நோரீன்.

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. ஆல்வினா கதவை இழுத்துச் சாத்திவிட்டு தாளை லைலின் மார்பில் வைத்து அழுத்தினார்.

"பயந்தாங்கொள்ளி! உனக்கு அவ மானத்தைப் பத்தியா கவலை?"

லைல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதைப் படிச்சுச் சிரிக்கிறவன் அடுத்து யாரைத் திரும்பிப் பார்ப்பான்? யோசிச்சியா, வினி?"

"பார்க்கட்டும். நிலம் போயிடும்னு அவ கல்யாணத்தைத் தள்ளிப் போட்டா, செத்த புருஷனோட பென்ஷன் போயிடும்னு நான் தள்ளிப் போடுறேன். உள்ளே போய் அவ பேரை எழுதிக் கையெழுத்துப் போடு. வர்றப்போ வீட்டுக்குப் பால் வாங்கிட்டு வா, வண்டியை எப்பவும்போல கொட்டகைக்குப் பின்னாடியே நிறுத்து!"